கை உயரத்துக்கு ஒரு பாத்தி

போன் பண்ணினது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு யார் வாயிலிருந்தோ கேட்டுவிட்டு, இவள் பெரிய யோக்கியம் மாதிரி கதை சொன்னாளே என்று யாரும் பேச வேண்டாம்.

எதிர்வீடு டெய்லர் வீடு. என் வீட்டு முன்னறையில் இஸ்திரி மேஜை. மேஜைக்கு முன்னால் நின்றால் அவர்கள் வீட்டு முன்பக்கம் முழுசாகத் தெரியும். இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் துணி தேய்க்கிறேன். அவர்கள் தைத்து முடிக்கிற துணியெல்லாம் என் மேஜையில் மடிப்பு வாங்கிக்கொண்டுதான் வெளியே போகும். டெய்லர் அண்ணன் மெஷினில் உட்காருவார், வெட்டுவது அவர் சம்சாரம், அக்கா. மற்ற கடைகளில் ஆம்பளை வெட்டுவான், பொம்பளை பட்டன் கட்டுவாள். இங்கே தலைகீழ். கட்டிங்கக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். யாராவது சட்டையில் தோள் இறங்கியிருக்கிறது என்று வந்தால், "நான் மெஷினை மிதிக்கறவன், அவகிட்ட கேளுங்க" என்று அண்ணன் கையை விரித்துவிடுவார். அவள் வெட்டினால் தோள் இறங்காது என்று அவருக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கத்தரி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். திரும்பி வந்தபோது வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது, வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது. பேச்சு போகவில்லை, கொஞ்சம் மெதுவாக வரும். அவள் முன்னேயும் அளந்துதான் பேசுவாள். அதனால் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு காலையில் விழுந்தாள். அண்ணன் பித்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். சிலிண்டர்காரன் கேட்டைத் தட்டியிருக்கிறான். திறக்கலாம் என்று அக்கா படியிறங்கி நாலடி வைத்திருக்கிறாள். அவன் பொறுமையில்லாமல் போய்விட்டான், அவள் மண்ணில் கிடந்தாள். நான் கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்க்கும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஏன்க்கா, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா என்றால், வெயில் ஏறினால் நீ வந்துவிடுவாய் என்று தெரியும் என்கிறாள். தூக்கி நிறுத்தும்போது அவள் நைட்டியின் கீழ் மடிப்பு வலது பாதத்துக்கு அடியில் மாட்டி ஒரு ஜாண் கிழிந்திருந்தது. பார்த்தேன். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவரிடம் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை. மகளிடம் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அன்று மத்தியானமே போனை எடுத்துவிட்டேன். பயம்தான். அடுத்த தடவை நான் கொல்லையிலிருந்து வருவதற்குள் என்ன ஆகுமோ என்கிற பயம். ஆனால் அந்தப் போன் எதை இழுத்துக்கொண்டு வரும் என்று யோசித்தேனா என்றால், இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மகனும் மகளும் வந்து இறங்கினார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. கெட்ட பிள்ளைகளாக இருந்தால் எனக்குத் திட்டிவிட்டுப் போவது சுலபமாக இருந்திருக்கும். மகள் இருப்பது ஓர் ஊர், மகன் இருப்பது இன்னோர் ஊர். இரண்டு பேர் வீட்டிலும் ஓர் ஆள் கால் நீட்டத்தான் இடம். அம்மா மகளோடு, அப்பா மகனோடு என்று பேசி முடித்தார்கள். பெற்றவர்களை இந்த வயதில் பிரித்து வைப்பது அவர்களுக்கும் உறுத்தத்தான் செய்தது. மகன் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அண்ணன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதன் இரண்டு முனையையும் சரி பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் கேட்டாள்.

"நான் என்ன பண்ணினா நாங்க இங்கேயே இருக்கலாம்?"

மகள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"நீயா நடந்து போய் கேட்டைத் திறந்துட்டு, நீயா திரும்பி வாம்மா. அது போதும். வேற எதுவும் நான் கேக்கலை."

எட்டு வாரம் என்று கெடு வைத்தார்கள். அது முடிகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வீட்டு அமைப்பைச் சொல்ல வேண்டும். வாசற்படி வீட்டின் ஒரு கோடியில், கேட் மறுகோடியில். இரண்டுக்கும் நடுவில் வீட்டின் முன்சுவர் நெடுக பதினெட்டடி மண்தரை, ஏழடி அகலம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் கம்பி வேலி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. வேலியைப் பிடித்தால் வேலியும் கூடவே ஆடும். அந்த மண்ணில் அவர்கள் எதையும் நட்டதில்லை. வெட்டுத் துணி மூட்டையும் உடைந்த மெஷின் காலும்தான் கிடந்தன.

நாலு நாள் அக்கா படியில் உட்கார்ந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் பழுப்புப் பேப்பர் கேட்டாள். இடது கையால் சாக்பீஸைப் பிடித்துக் கோடு போட்டாள். கோடு கோணலாகத்தான் வந்தது. கத்தரியை எடுத்தாள். வலது கைக்குச் செய்த கத்தரி இடது கையில் பேப்பரை வெட்டாது, மடக்கும். இரண்டு தடவை பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் நீட்டினாள். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்ல அவர் வெட்டியது அன்றைக்குத்தான். பேப்பரை இரண்டாக மடித்து வெட்டச் சொன்னாள், பிரித்தால் ஒரே மாதிரி இரண்டு துண்டு வர வேண்டும். வந்தது. இரண்டையும் கொண்டுபோய் மண்ணில் விரித்து, பறக்காமல் கல் வைத்தார். வேலிப் பக்கம் ஒரு பாத்தி, சுவர்ப் பக்கம் ஒரு பாத்தி, நடுவில் மூன்றடி வழி. நான் தேய்க்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கால் வீட்டில் தங்குமா?

கொத்தனார் வந்து பேப்பரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் வாய் வேலை செய்கிற அளவுக்குக் கையும் செய்யும், அது ஒன்றுதான் நிம்மதி. பாத்தி எவ்வளவு உயரம் என்றார். இடுப்பு உயரம் என்றாள் அக்கா. செடி வைக்கப் போகிறீர்களா, எருமை குளிப்பாட்டப் போகிறீர்களா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மேல செடிக்கு. ஓரம் என் கைக்கு. எனக்கு இருக்கறது இடது கை ஒண்ணுதான். போகும்போது அது வேலிப் பக்கம் வரும். திரும்பி வரும்போது சுவர்ப் பக்கம் வரும். அதான் ரெண்டு."

கொத்தனார் இன்னொரு நடை நடந்து பார்த்துவிட்டு, அப்படியென்றால் ஒரு இரும்புக் கம்பி ஓட்டிவிடலாமே, ஒருநாள் வேலை என்றார். நியாயமான பேச்சுதான். எனக்கும் அதுதான் தோன்றியது.

"கம்பி போட்டா இது நோயாளி வீடுன்னு தெருவுக்கே தெரியும்" என்றாள். "அதோட, கம்பிக்கு யாரும் தினம் தண்ணி ஊத்த வேண்டாம். செடின்னா நான் எழுந்து போயாகணும்."

சுவரை ஒட்டி மண் போட்டால் வீட்டுக்குள் ஈரம் ஏறும், நாலு விரல் இடம் விட்டுத்தான் கட்டுவேன் என்று கொத்தனார் தன் பங்குக்கு ஒரு கட்டளை போட்டார். அடியில் செங்கல் உடைசல், அதற்குமேல் மணல், கடைசி ஒரு அடிதான் மண். தண்ணீர் வடிய மூன்று முழத்துக்கு ஒரு ஓட்டை. ஓரத்தில் கூர்மை இருக்கக் கூடாது, கை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி உருட்டிப் பூச வேண்டும். எல்லாம் அன்றைக்கே பேசி முடிவானது. நூல் கட்டும்போது, இடுப்பு உயரம் என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்டார். அக்கா உள்ளே போய்ப் படுத்திருந்தாள். அண்ணன் மெஷின் மேஜை இழுப்பறையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, முப்பத்தெட்டு என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வேலிப் பக்கத்துப் பாத்தியை முதலில் எழுப்பினார்கள், மூன்று வாரம் பிடித்தது. வெயில் அந்த மூன்று வாரமும் அடித்து நொறுக்கியது. கொத்தனார் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வரி வரியாக ஏற்றினார். கலவை குழைப்பதும் தண்ணீர் சுமப்பதும் அண்ணன். முப்பது வருஷம் பெடல் மிதித்த கால், மண்வெட்டியோடு பத்து நிமிஷம் நின்றால் நடுங்கும். ஆனாலும் யாரையும் கூலிக்கு வைக்க விடவில்லை. காலையும் சாயங்காலமும் பூச்சு வெடிக்காமல் நனைப்பதும் அவரே. நான் டீ போட்டுக்கொண்டு போவேன், டீயோடு என் யோசனையையும் கொண்டு போவேன். அங்கே என்ன வைக்கலாம், இங்கே என்ன வைக்கலாம் என்று. நீ முதலில் டீயில் சர்க்கரை போட யோசி என்பார் கொத்தனார். அக்கா படியில் உட்கார்ந்து சுவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தினமும் சோற்றைப் பிசைந்து பாதியில் வைத்துவிடுகிறவள், அந்த நாட்களில் தட்டைக் காலி பண்ணினாள் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பூச்சு இறுகிய அன்று காலை அவளை எழுப்பி நிறுத்தினோம். வெள்ளைப் பூப் போட்ட நீல நைட்டி, புதுசு, அண்ணன் தைத்தது. அவள் இடது கையைத் தூக்கிச் சுவரின் மேல் வைத்தாள். நான் கையைத் தூக்கி என்று சொல்வதைக் கவனியுங்கள். தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது. கை ஊன்றவில்லை, தொங்கியது. ஓரடி வைத்தாள். இரண்டாவது அடிக்கு வலது காலை இழுத்தாள், வரவில்லை. மூன்றாவதில் சரிந்தாள், அண்ணன் பிடித்துக்கொண்டார். மறுபடி நின்றாள், மறுபடி மூன்றடி. கொத்தனார் கரணையைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கெடுவுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருந்தது.

படியில் உட்கார வைத்தோம். மூச்சு வாங்கியது. அது அடங்கினதும் அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இது யாரோட அளவு?"

"உன்னோடதுதான்" என்றார் அண்ணன்.

"எப்ப எடுத்தது?"

அவர் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். முதல் பக்கம். நோட்டுப் போட்ட அன்றைக்கு முதல் ஆளாக அவளை நிறுத்தி எடுத்த அளவு. தோள், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து தரை முப்பத்தெட்டு. மசி மங்கிவிட்டது. ஊரில் யார் வந்தாலும், போன மாதம் தைத்துக்கொண்டு போனவனையே மறுபடி நிறுத்தி அளவெடுக்கிற மனுஷன், இவளை அதற்கப்புறம் ஒரு தடவையும் நிறுத்தவில்லை. மனப்பாடமாக இருக்கிற அளவை எதற்கு எடுப்பது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தைத்த நாலு நைட்டியும் அதே அளவுதான். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள் என்பதைத் தெருவே பார்த்தது. அவரும் பார்த்தார். ஆனால் டேப்பைக் கையில் எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்திருப்பார் போல.

"அன்னிக்கு நான் விழுந்ததுக்குக் காரணம் காலு இல்லைங்க" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "நைட்டி தட்டிச்சு. வலது பக்கம் ஒன்றரை அங்குலம் தரையில இழுக்குது. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

அந்தக் கிழிசலைக் கண்ணால் பார்த்தவள் நான். போனில் மகளிடம் கால் வரவில்லை, விழுந்துவிட்டாள் என்றுதானே சொன்னேன்? மடிப்பு தட்டியது என்று சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கலாம். அண்ணன் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பிறகு கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

"எழுந்திரு" என்றார்.

"நேரா நிக்க வராது."

"எப்படி வருதோ அப்படி நில்லு."

நான் தாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவளாக வாசல் நிலையைப் பிடித்து நின்றாள். அவர் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து அளந்தார். இடுப்பிலிருந்து தரை, இடது பக்கம் முப்பத்தாறரை, வலது பக்கம் முப்பத்தைந்து. சொல்லிச் சொல்லி எழுதினார். பழைய அளவை அடிக்கவில்லை, அதற்குக் கீழேயே எழுதினார். அவள், இடுப்பு அளவு போதும், கை ஊன்றுகிற அளவை எடுங்கள் என்றாள். அதைச் சொல்ல அவளுக்குத்தான் தெரியும், வெட்டுகிறவள் அவள்தானே. உள்ளங்கையை எதன்மேலோ ஊன்றுகிற மாதிரி வைத்துக் காட்டினாள். உள்ளங்கையிலிருந்து தரை முப்பத்தொன்றரை. அவர் டேப்பைப் பிடித்தபடியே அவள் பாதத்தின்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தார். நான் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கும் எப்போதாவது எங்கே நிற்கக் கூடாது என்று தெரியும்.

முப்பத்தெட்டில் முப்பத்தொன்றரை போனால் ஆறரை. சரியாக இரண்டு வரி செங்கல். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கட்டின கையால் இடிக்கச் சொல்கிறீர்களே, என் தொழிலில் இது எனக்குப் பிடிக்காத ஒரே வேலை என்றார். சொல்லிக்கொண்டே உளியை எடுத்தார். ஒரு செங்கல்கூட உடையாமல் பதினெட்டடியும் பிரித்தார். பிரித்த கல் அத்தனையும் சுவர்ப் பக்கத்துப் பாத்திக்குப் போனது. அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று டீ குடிக்கும்போது, அளவை நானாவது அந்தம்மாவை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஆளாளுக்கு ஒரு பங்கு இருந்தது அதில்.

கடைசி வாரம்தான் மண் வந்தது. மாட்டுச் சாணி எருவும் வண்டல் மண்ணும் கலந்து, அண்ணன் சல்லடையில் சலித்துச் சலித்துக் கொட்டினார். வேலிப் பக்கம் நாள் முழுக்க வெயில், அங்கே மிளகாய் விதையும் தக்காளி விதையும். விதை போடுகிற இடத்தை அக்கா சாக்பீஸால் ஓரத்தில் குறித்தாள், பட்டனுக்குக் குறிக்கிற மாதிரி சம இடைவெளியில். சுவர்ப் பக்கம் நிழல், அங்கே எதுவும் வராது என்று எல்லோரும் சொன்னோம். நிழலுக்குப் புதினா வரும் என்றாள். நான் என் கொல்லையிலிருந்து வேரோடு ஒரு கூடை பிடுங்கிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு தண்டாக இடது கைக் கட்டை விரலால் மண்ணில் அமுக்கினாள். பதினெட்டடிக்கு அமுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் அவள் எத்தனை தடவை அந்த ஓரத்தைப் பிடித்து நகர்ந்தாள் என்று எண்ணியிருந்தால் எனக்கு எண்ணி முடிந்திருக்காது. ஐந்தடி, எட்டடி, பத்தடி. முழுசாகப் போய்த் திரும்பினது மட்டும் இல்லை. பதினெட்டாவது அடிக்குப் போனால் திரும்ப முடியவில்லை. கேட்டருகே ஒரு பாத்தியை விட்டு இன்னொரு பாத்திக்கு வருகிற அந்த மூன்றடிதான் இடித்தது. அதில் பிடிக்க எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். மகன் கையில் பெரிய பெட்டி, அவன் அதைத் தூக்கின விதத்திலேயே காலிப்பெட்டி என்று தெரிந்தது. கேட் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

அக்கா படியிறங்கினாள். அதே நீல நைட்டி. இடது கை வேலிப் பக்கத்துப் பாத்தி ஓரத்தில் ஊன்றியது. உள்ளே மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் வெளியே வரவில்லை. வரக் கூடாது என்று அவள் சொல்லியிருப்பாள். ஊன்றி, இடது கால், பிறகு வலது காலை இழுத்துச் சேர்த்து, மறுபடி ஊன்றி. மகனும் மகளும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கேட்டை எட்டினாள். பாத்திச் சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு தாழ்ப்பாளை எடுத்தாள். மகள் உள்ளே பாய்ந்து கையை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் அக்கா. "இன்னும் பாதி இருக்கு."

அந்த மூன்றடி. கையை எடுத்தாள். ஒன்றும் பிடிக்காமல் நின்றாள். நான் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஓரடி. வலது பாதம் வந்து சேர்ந்தது. இன்னோர் அடி. உடம்பு வலது பக்கமாகப் போனது, போய் நின்றது. இடது கை காற்றில் துழாவி, சுவர்ப் பக்கத்து ஓரத்தைத் தொட்டது. உள்ளங்கை முழுசாக அதன்மேல் உட்கார்ந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

அவள் முன்னால் போக மகள் பின்னாலேயே நடந்தாள். அவள் பார்வை அம்மாவின் காலில் இருந்தது. அவளும் டெய்லர் வீட்டுப் பெண்தானே, மடிப்பு எப்படியிருக்கிறது என்று கண் தானாகப் போகும். படியருகே அண்ணன் வந்து நின்றிருந்தார். கீழ் மடிப்பைப் பிரித்துத் தைத்தீர்களா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றார்.

"ஒரு பக்கம் குட்டையாவா வச்சீங்க?"

"துணியை விரிச்சுப் பார்த்தா குட்டைதான்" என்றார் அண்ணன். "அவ நின்னா நேரா இருக்கும்."

மகள் குனிந்து பார்த்தாள். மடிப்பு சுற்றிலும் தரையிலிருந்து ஓர் அங்குலம், எந்தப் பக்கமும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு மகன் அந்தப் பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினான். அப்போதும் அது காலிதான். மகள் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தாள். "ஏதாவது ஒண்ணுன்னா போன் பண்ணுங்க அத்தை" என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள். விழுந்ததிலிருந்து அவள் அந்த இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன். சொம்பைப் பாத்தி ஓரத்தில் வைத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்திருக்கிறாள். மிளகாய் இன்னும் முளைக்கவில்லை. சாக்பீஸ் குறி மட்டும் தண்ணீரில் பாதி அழிந்து இருந்தது.

"அன்னிக்குப் போன் பண்ணினது நீதான்" என்றாள்.

நான் தலையாட்டினேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"நான் உசிரோடதானே கிடந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்க்கா."

"அடுத்த தடவை விழுந்தா முதல்ல என்னைக் கேளு. அப்புறம் யாருக்கு வேணா பண்ணு."

அவ்வளவுதான். சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாய்த்துவிட்டுத் திரும்பினாள். அந்த மூன்றடிக்கு நான் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. உள்ளே மெஷின் சத்தம் கேட்கவில்லை. ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுகிற மனுஷன், என்ன ஆயிற்று என்று அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஷினில்தான் இருந்தார். துணி ஊசிக்கு அடியில், கை துணியின்மேல், கால் பெடலில், ஆனால் மிதிக்கவில்லை. அக்கா புதினாப் பக்கத்து ஓரத்தைப் பிடித்துப் பதினெட்டடியும் நடந்து, படியேறி, நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் மெஷின் ஓட ஆரம்பித்தது.